கேட்காமல் கழுவிய வண்டி

2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டிருந்தது. வானம் வெளுக்கவில்லை, காற்று துளியும் இல்லை. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எங்கள் பணிமனை வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. உள்ளே, மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

முந்தின நாள் நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி அது. ஆயில் மாற்ற வேண்டும், ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும் என்று மூன்றே வேலைகளுக்காக விட்டிருந்தார்கள். மூன்றும் முடிந்துவிட்டன. மதியம் உரிமையாளர் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. சாவியைத் திருப்பினால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. நான் ஏறி உட்கார்ந்து காலைக் கீழே ஊன்றினேன். கம்பளத்துக்குள் கால் சதக்கென்று இறங்கியது.

"இது என்னாய்யா ஈரம்?" என்று கேட்டேன்.

வாட்டர் வாஷ் பார்க்கும் ஏழுமலை பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நேத்து சாயங்காலம் கழுவனேன் சார்."

"உள்ளயா?"

"உள்ளதான் சார். கதவத் தொறந்தா பெரிய மார்க்கெட்டே உள்ள உக்காந்திருக்கறா மாதிரி வாடை. அந்தம்மா வந்து எடுக்கும்போது கமகமன்னு இருக்கட்டுமேன்னு ஷாம்பு போட்டு ஓஸ் புடிச்சேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

ஏழுமலை அப்போது எங்களிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அம்பாசடரும் வேனும் கழுவிப் பழகிய கை. அந்தக் காலத்து வண்டிகளின் உள்ளே குழாயை நீட்டிக் குளிப்பாட்டி, வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் சாயங்காலம் காய்ந்துவிடும். அதில் கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. இந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில், இஞ்சினுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோல் யூனிட் இருந்தது. இருக்கையைக் கழற்றிப் பார்த்தோம். பெட்டியைச் சாய்த்ததும் நுரையோடு தண்ணீர் வழிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்து, இன்று வேறு பணிமனையில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் போன மாதம் போன் செய்தார். லிப்டில் ஏற்றும்போது ஒரு வண்டியின் அடிப்பகுதி நசுங்கிவிட்டதாம். "சார், நாமளா போய் சொல்லணுமா, இல்ல கஸ்டமர் பாத்துக் கேட்டா சொன்னா போதுமா? இங்க கம்பெனி மெசேஜ்ல அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்னு ஒரு வரி போகும். அதோட விட்டுடலாம்னு சொல்றாங்க." அரை மணி நேரம் பேசினேன். பேசியும் மனம் ஆறவில்லை. எழுதிவைத்தால் இன்னும் நாலு பேர் படிப்பார்கள் என்று தோன்றியது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து 1984-இல் அந்தப் பணிமனையில் சேர்ந்தேன். ஏழு வருடம் இஞ்சினுக்கு அடியில் கிடந்தேன். அதன்பிறகு 28 வருடம் வண்டிகளை வாங்கி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. அந்த 28 வருடத்தில் எங்கள் கையால் சின்னதும் பெரியதுமாக 61 வண்டிகளுக்குச் சேதம் ஆகியிருக்கிறது. குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 61 பேரில் ஒருவர்கூடத் தாமாகக் கண்டுபிடித்து எங்கள் வாசலுக்கு வந்து கத்தியதில்லை. எல்லோருக்கும் நானே போய்ச் சொன்னேன். எனக்குக் கிடைத்த மெடல், கேடயம் எதையும்விட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் அந்துவான் சார். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். இவர் மட்டும் போகவில்லை. பழைய ஆட்கள் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்றுதான் கூப்பிடுவார்கள். பணிமனைக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், பிறகு இடுப்பு பெல்ட்டையும் உருவி மேசை இழுப்பறையில் வைப்பார். பெல்ட் கொக்கி பெயின்டில் உரசும் என்பதற்காக. தொளதொள பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் வண்டி வண்டியாகப் போவதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களும் பெல்ட் இல்லாமல்தான் திரிவார்கள்.

ஏதாவது சேதம் ஆகிவிட்டது என்று சொன்னால் யார் செய்தது என்று கேட்கமாட்டார். "வண்டி எங்க நிக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. போய்ப் பார்ப்பார். விரலால் தொடமாட்டார். துடைக்காதே, பாலீஷ் போடாதே, இப்படியே நிற்கட்டும் என்பார். பிறகு என்னை அனுப்புவார். போன் பேசக் கூடாது. உரிமையாளர் இருக்கும் இடத்துக்கு நேரில் போக வேண்டும். முதல் வாக்கியத்திலேயே என்ன சேதம், அது எங்கள் கையால் ஆனது என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. "காபி குடிச்சுட்டுச் சொன்னா காபிக்கு நன்றி சொல்ற மாதிரி ஆயிடும். அப்புறம் அவங்களால கோபப்பட முடியாது. கோபப்படறது அவங்க பாத்தியதை" என்பார்.

இந்தக் கடைசி விதியால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நேரு வீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய், மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். அவர் வண்டிக்கு ஜாக்கி நழுவிக் கதவுக்கடியில் இரண்டு விரல் அளவுக்கு ஒடுக்கு விழுந்துவிட்டது. கடைக்குப் போனேன். உட்காருவதற்குள் டீ வந்துவிட்டது.

"குடிங்க தம்பி."

"பாய், முதல்ல ஒரு விஷயம்..."

"விஷயம் எங்க ஓடிடப் போவுது? டீ ஆறிடும்."

இதற்குள் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பம் அவரைப் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம். திரும்பி வந்து பார்த்தார். டீயில் ஏடு படிந்திருந்தது. "என்னா, சக்கரை வியாதியா? சக்கரை இல்லாம சொல்லவா?" என்று கேட்டு இன்னொரு டீக்கு ஆளை விரட்டினார். நான் எழுந்து நின்று, கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "பாய், உங்க வண்டிக் கதவுக்கடியில எங்க ஜாக்கி பட்டு நசுங்கிடுச்சு. எங்க தப்பு. நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோதானா? நான் பொண்ணு கேக்க வந்திருக்கீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். கடையே சிரித்தது. இரண்டாவது டீயை நான் குடித்தேன்.

எல்லோரும் பாய் மாதிரி இருந்துவிட்டால் இதை எழுத வேண்டியதே இல்லை. நவம்பர் 14-க்கு வருகிறேன்.

வெள்ளைக் கார் அஞ்சலாட்சி அம்மாவுடையது. வைத்திக்குப்பத்துக்காரர். துறைமுகத்தில் ஏலம் எடுத்துப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். வயது ஐம்பதுக்கு மேல். வண்டியை அவரே ஓட்டுவார். பணிமனைக்கு வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். சாவியை என் மேசையில் வைத்து, "மூணு வேல. நாலாவது வேல செஞ்சீங்கன்னா காசு கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முதலாளி அந்துவான் சாரையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். பழைய முதலாளியான பெரியவர் காலமான பிறகு பொறுப்பேற்ற மகன், நாற்பது வயதைத் தொடாதவர். கெட்டவர் இல்லை. அந்த வருடம் வாங்கிய கடன் அவரை அரித்துக்கொண்டிருந்தது. யூனிட், வயரிங், கம்பளம் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் ஆகும் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"கலியபெருமாள் சார், நேத்து ராத்திரி பூரா மழை. மழைத் தண்ணி உள்ள பூந்துடுச்சுன்னு இன்சூரன்ஸ்ல போட்டுடலாம். அந்தம்மாவுக்கும் நஷ்டமில்ல, நமக்கும் நஷ்டமில்ல."

"வண்டி ஷெட்டுக்குள்ள நின்னுதுங்க. சர்வேயர் வந்து பாத்தா நிக்காது."

"அப்ப ஐஸ் பொட்டின்னு போடுங்க. மீன்காரம்மா வண்டி. ஐஸ் பொட்டி வச்சு உப்புத் தண்ணி எறங்கி எறங்கி யூனிட் போயிடுச்சுன்னா யார் நம்பமாட்டாங்க? அந்தம்மாவே நம்பிடும்."

அதுதான் என்னைக் கலங்கடித்தது. அவர் சொன்னது உண்மை. யாரும் நம்பிவிடுவார்கள். சர்வேயர் நம்புவார், இன்சூரன்ஸ் கம்பெனியும் நம்பி, நாள்பட்ட அரிப்புக்குப் பணம் கிடையாது என்று கைவிரித்துவிடும். ஷாம்பு நுரையைத் துடைத்துவிட்டு வேலை அறிக்கையில் ஒரு வரி எழுதி நான் கையெழுத்துப் போட்டால் போதும், 48,000 ரூபாய் அந்த அம்மாள் தலையில் போய் உட்கார்ந்துவிடும். அவர் கத்துவார், கத்தியும் கட்டுவார். ஏனென்றால் அவர் மீன்காரர்.

அந்துவான் சார் ஜன்னல் பக்கம் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. பெரியவர் இருந்த காலத்து மரியாதைக்காக வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என்னையும்தான். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி, பெண்ணின் படிப்புக் கடன் பாக்கி.

"அலோர்..." என்றார். அவர் வாயில் அந்த பிரெஞ்சு வார்த்தை வந்தால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். "கலியபெருமாளு, அந்தம்மா வண்டியில மீன் ஏத்துறாங்களா?"

"தெரியாது சார்."

"போய்க் கேளு. கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு. நானும் வரேன். ஆனா பேசறது நீதான்."

முதலாளி எழுந்துவிட்டார். "அப்ப அந்த நாப்பத்தெட்டாயிரம் யார் சார் குடுக்கறது?"

"வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு அந்துவான் சார் இழுப்பறையைத் திறந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டார்.

வைத்திக்குப்பத்தில் அஞ்சலாட்சி அம்மா வீடு கடலைப் பார்த்த இரண்டாவது தெருவில். மாடி வீடு. வாசலில் நைலான் வலை காய்ந்தது. எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார். "என்னா, வண்டிய எடுத்துக்கினு வருவீங்கன்னு பாத்தா ரெண்டு பேரும் நடந்து வர்றீங்க?"

நின்றபடியே சொன்னேன். "அம்மா, உங்க வண்டி ஸ்டார்ட் ஆகல. உள்ள தண்ணி ஊத்திக் கழுவி, கம்பளத்துக்கு அடியில இருந்த யூனிட்ட நாங்க கெடுத்துட்டோம். எங்க தப்பு. சரி பண்ணித் தர்றோம்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நான் கழுவச் சொல்லலியே?"

"சொல்லலம்மா."

"அப்ப ஏன் கழுவனீங்க?"

26 வருடமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது முதல் வாக்கியத்தை மட்டும்தான். சேதத்தைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பழகியவன். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஜாக்கி நழுவியது, ஸ்பேனர் வழுக்கியது, அதற்கெல்லாம் ஏன் கிடையாது. எல்லா வண்டியையும் கழுவுவோம் அம்மா, அது வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அந்துவான் சாரைப் பார்த்தேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடை வந்துதுன்னு கழுவிட்டாரும்மா. கழுவற ஆளு."

"என்னா வாடை?"

"மீன் வாடை."

அவர் நிதானமாகச் சொன்னார். "சாரு, அந்த வண்டியில ஒரு நாளும் ஒரு மீனு ஏறனது கெடையாது. கூடையெல்லாம் லோடு ஆட்டோவுல போவுது. அந்த வண்டியில ஏறனது நான் ஒருத்திதான். அப்ப உன் ஆளு எதக் கழுவனான்?"

அவரே தொடர்ந்தார்.

"இருவது வருசம் பஸ்ஸுல போனேன். கூடையோட ஏறனா ஏத்தமாட்டான். சரி, கூடைய ஆட்டோவுல ஏத்திட்டு வெறுங்கையோட ஏறனேன். பக்கத்துல உக்காந்த பொம்பள எழுந்து போயி நின்னுக்கினு வருவா. கண்டக்டரு பின்னால போ, பின்னால போன்னு வாயில துணிய வச்சிக்கினு சொல்லுவான். அதுக்குத்தான் சாரு கார் வாங்கனேன். ஐம்பது வயசுல ஓட்டக் கத்துக்கினேன். உள்ள ஏறிக் கதவச் சாத்திட்டா எவனும் மூக்கப் புடிக்கமாட்டான்னு. நீங்க அதுக்குள்ளயும் ஓஸ உட்டுட்டீங்க."

உள்ளே போய்விட்டார். நாங்கள் வெயில் இல்லாத வெளியில் நின்றோம். தூறல் ஆரம்பித்தது. அந்துவான் சார் போகலாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி அம்மா திரும்பி வந்தபோது எங்கள் சட்டை நனைந்திருந்தது.

"இன்னும் நிக்கறீங்களா? தண்ணிகூட குடுக்கமாட்டேன், சொல்லிட்டேன். எத்தினி நாளு ஆவும்?"

"யூனிட் சென்னையில இல்ல. வர பத்துப் பன்னண்டு நாள் ஆகும்."

"ஒத்த ரூபா குடுக்கமாட்டேன். அதுவரைக்கும் காலையில துறைமுகத்துக்கு என்னக் கொண்டாந்து உடறது யாரு? பஸ்ஸுல ஏத்தமாட்டான், உனக்கே தெரியும். உன் ஆளுக்கும் தெரியும்."

"நான் வண்டி அனுப்பறேம்மா."

"அனுப்பாத. வா."

பணிமனையில் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கென்று ஒரு மாற்று வண்டி இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அது மத்த கஸ்டமருக்கும் போவணும் சார், புரிஞ்சிக்கங்க" என்றார். புரிந்துகொண்டேன். என்னிடம் ஏழு வருடமான ஒரு சிறிய கார் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் போய் நின்றேன். அஞ்சலாட்சி அம்மா முன் கதவைத் திறந்தார், ஏறவில்லை. இருக்கையின் மேல் பழைய போர்வை ஒன்று விரித்திருந்தது. என் மனைவியின் வேலை. நான் இருட்டில் கவனிக்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.

"இது என்னாத்துக்கு?"

நான் இறங்கிச் சுற்றி வந்து அதை உருவி டிக்கியில் போட்டேன். "வீட்டுல போட்டிருக்காங்கம்மா. எனக்குத் தெரியாது."

"உங்க வூட்டம்மா மீனு துன்னுமா?"

"வஞ்சிரம்னா உசுரு."

"நல்லா துன்னுட்டுப் போர்வ போடுது" என்று சொல்லி ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். சாலை திரும்பியதும், "சாரு, இந்த ஓட்டு ஓட்டனா நான் போறதுக்குள்ள மீனு கருவாடாயிடும். மூணாவது கியரு வச்சிருக்கானா இல்லியா இந்த வண்டியில?" என்றார்.

அப்படித்தான் போயிற்று. வீட்டிலிருந்து வைத்திக்குப்பம், அங்கிருந்து தேங்காய்த்திட்டு துறைமுகம், ஏலம் முடிந்ததும் பெரிய மார்க்கெட், பிற்பகலில் மறுபடி வீடு. நடுவில் நான் பணிமனைக்குப் போய் வேலை பார்த்தேன். ஏலம் எடுக்கும் நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டும். வாய் பேசாது, புருவம்தான் பேசும். என்னை அறிமுகப்படுத்தும்போது மட்டும் வாய் பேசும். "இவருதான் எங்க டிரைவரு. சம்பளம் கெடையாது. வண்டியக் கெடுத்துட்டு கடன் கழிக்கறாரு." மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு நான் கடன் கழிக்கிற சார் ஆகிவிட்டேன். ஒரு நாள் மூன்று வஞ்சிரத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டேன். "நானூத்தியம்பது ரூவா. பழக்கம் வேற, காசு வேற" என்று கையை நீட்டினார்.

இடையில் முதலாளி தன் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஏழுமலை சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் வீதம் 48,000 ரூபாயையும் பிடிப்பது. அது இரண்டு வருடம் ஓடும். ஏழுமலைக்குச் சம்பளமே ஒன்பதாயிரம். அவர் என் மேசைக்கு வந்து, "சார், சத்தியமா நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். அதே வார்த்தை. எனக்குக் கோபம் வந்தது. "நல்லதுக்குத்தான்னு இனிமே சொல்லாதீங்க ஏழுமலை. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், கண்டக்டர், எழுந்து போன பெண், எல்லாம். கேட்டுவிட்டுக் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாஷ் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்துவான் சாரும் நானும் முதலாளியிடம் போனோம். அந்துவான் சார் உட்காரவில்லை. "கழுவற ஆளுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லித் தராதது நான். அவன் கழுவறத பாக்காதது கலியபெருமாளு. அவன் சம்பளத்துல கை வைக்காதீங்க. பாதிய கடை ஏத்துக்கட்டும். மீதிய நாங்க ரெண்டு பேரும் பாதி பாதி குடுக்கறோம்."

முதலாளி வெகுநேரம் மேசைக் கண்ணாடியைப் பார்த்தார். "அப்பா இருந்தா முழுசையும் குடுத்திருப்பாரு, இல்ல முசே?"

"உங்க அப்பா இருந்தா மொதல்ல என்னத் திட்டியிருப்பாரு. அப்புறம் குடுத்திருப்பாரு."

"என்னால பாதிதான் முடியும்" என்றார் முதலாளி. அதை அவர் சொன்ன விதத்தில் அவர் மேல் எனக்கிருந்த வருத்தம் குறைந்தது. ஐஸ் பெட்டியைப் பற்றி அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. வேலை அறிக்கையில் எங்கள் பணிமனையில் கழுவும்போது ஏற்பட்ட சேதம் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அவரும் கீழே போட்டார்.

நவம்பர் 27, திங்கட்கிழமை மதியம் வண்டி தயார். அந்துவான் சார் வண்டியின் உள்பக்கத்தை மூன்று தடவை பார்த்தார். புதுக் கம்பளம், புது யூனிட், உலர்ந்த இருக்கை. வாசனைத் திரவியம் எதுவும் அடிக்கக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அஞ்சலாட்சி அம்மா வந்தார். வழக்கம்போல் உட்காரவில்லை. சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. அணைத்துவிட்டு இறங்கினார்.

"கழுவனவன் யாரு?"

ஏழுமலை தானாகவே முன்னால் வந்தார். அவர் அப்படி வருவார் என்று நான் நினைக்கவில்லை. "நான்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன். தண்ணி ஊத்தனதயும் தெரியாம பண்ணிட்டேன், வாடைன்னு சொன்னதயும்..."

அஞ்சலாட்சி அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எந்த ஊரு?"

"திருக்கனூர் பக்கம்மா."

"மாடு வச்சிருக்கியா?"

"ரெண்டு இருக்குதும்மா."

"நீ என் பக்கத்துல நின்னா எனக்கு மாட்டு வாடை அடிக்குது. நான் உன்மேல ஓஸ் புடிச்சனா?"

மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இனிமே வெளியில மட்டும் கழுவு. உள்ள இருக்கறது என்னுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை, போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் தேங்கியிருந்த தண்ணீரை மூன்றாவது கியரில் கடந்து போனார்.

அடுத்த வருடம் மார்க்கெட்டிலிருந்து நான்கு வண்டிகள் எங்களிடம் புதிதாக சர்வீஸுக்கு வந்தன. அவர்களில் ஒருவரிடம் யார் அனுப்பியது என்று கேட்டேன். "அஞ்சலாட்சிதான் சார். அங்க உடு, வண்டியக் கெடுப்பானுங்க, ஆனா வூட்டுக்கு வந்து சொல்லுவானுங்கன்னு சொல்லிச்சு." எங்கள் பணிமனைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

போன் செய்த நண்பருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். போய்ச் சொல்லுங்கள். என்ன என்பதோடு ஏன் என்பதையும் சொல்லத் தயாராகப் போங்கள். செலவு எவ்வளவு ஆகும் சார் என்று அவர் கேட்டார். வண்டிக்கு வண்டி மாறும். என் கணக்கை வேண்டுமானால் தருகிறேன். அந்துவான் சார் பங்கு 12,000. அது அவர் கணக்கு, அவர் காலமாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பங்கு 12,000, ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பதின்மூன்று நாளில் ஒரு நாள் கடல் சீறியதால் படகு போகவில்லை, ஆகவே பன்னிரண்டு நாள் பெட்ரோல் 1,430. மார்க்கெட்டில் வண்டி நிறுத்தியதற்கு 240. துறைமுகத்தில் ஆணி குத்திப் பஞ்சர் 150. டீக்கு ஒரு நாள் அவர், ஒரு நாள் நான், என் முறைக்கு 120. மீன் வாங்கியது இதில் சேராது, அது வீட்டுச் செலவு. என் காரின் இருக்கையைக் கழுவிய வகையில் ஒன்றுமில்லை, கழுவவில்லை. ஆக மொத்தம் பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.